ஏறுகிற வண்டிக்கு வழி

கொழும்பில் இருப்பவர்களுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிர் தேவைப்படும். பௌர்ணமி லீவான போயா வெள்ளிக்கிழமையில் விழுந்துவிட்டால் பாதி நகரம் நுவரெலியாவுக்கு ஏறும். ஏறுகிற வழியெல்லாம் “என்ன சனம், என்ன சனம்” என்று மற்றவர்களைத் திட்டிக்கொண்டே ஏறும். எங்கள் வீடும் அதில் சேர்த்தி. வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த நெரிசலில் போய் மாட்டிக்கொள்ளாவிட்டால் அப்பாவுக்குத் திருப்தி வராது.

அப்பா துறைமுகத்தில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்ததும் வளர்ந்ததும் கொட்டாஞ்சேனை. அம்மா வெள்ளவத்தை. சைவக்காரக் குடும்பத்தில் பிறந்து, கலியாணத்துக்காகக் கத்தோலிக்க வேதத்துக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட மாட்டார். ஆனால் கித்துல்கலை தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில், வீதியோரத்தில் இருக்கிற சின்னப் பிள்ளையார் கோயிலில் இறங்கி உண்டியலில் ஒரு காசுக் குத்தி போடாமல் மேலே போகவும் விடமாட்டார். “கொழும்பை மாதா பாப்பா. மலையைப் பிள்ளையார் பாக்கட்டும்” என்பார். அப்பா சிரிப்பார். சிரித்தாலும் காரை நிறுத்துவார்.

அம்மாவின் இடம் முன்சீட். அந்தச் சீட்டில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்து நுவரெலியா வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வருவார். கதை என்றால் ஊர்க்கதை இல்லை. “பஸ் ஒண்டு வருது… சைக்கிள்காரன், சைக்கிள்காரன்… மெதுவா, வளைவு… அங்க பாருங்கோ நாய்.” ஒவ்வொன்றுக்கும் அப்பா எரிச்சலோடு “தெரியுது, தெரியுது” என்பார். அம்மா நிறுத்தமாட்டார். நானும் தம்பியும் பின்சீட்டில் இருந்து அம்மாவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தோம். தம்பி கனடாவுக்குப் போன பிறகும் தொலைபேசியில் அம்மாவைக் கேட்கும்போது “ரேடியோ வேலை செய்யுதோ?” என்றுதான் கேட்பான்.

அம்மா இறந்துபோய் நாலு மாதத்தில் வந்த நீண்ட விடுமுறையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள்; நான் அவர்களுக்குச் சோடா கொடுத்தேன். சவப்பெட்டியைத் தூக்கும்போது கேட்டில் இடிக்குமே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த கிழமை கோட்டையில் இருக்கிற என் கந்தோருக்கு வேலைக்குப் போனேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால், தொடுவது விரலுக்குத் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அந்த மாதிரித்தான் இருந்தேன். அழவில்லையே என்ற கவலைகூட இல்லை.

அப்பாவும் அழவில்லை. ஆனால் சவரம் செய்வதை நிறுத்திவிட்டார். காரை வெளியே எடுக்கிற நாளில் மட்டும் சவரம் செய்வார், சேர்ட்டை அயர்ன் பண்ணச் சொல்வார், கண்ணாடியைத் துடைப்பார். மருந்து வாங்கவோ, அம்மாவின் கல்லறைக்கோ, சும்மா காலிமுகத் திடல்வரையோ. கார் வீட்டில் நின்றால் அப்பாவும் சாய்மனைக் கதிரையில் கிடப்பார். அந்தக் காரை விட்டால் அவரை எழுப்ப அந்த வீட்டில் வேறொன்றும் இருக்கவில்லை.

அந்தக் காரைத்தான் நான் அவரிடம் இருந்து வாங்கவேண்டும் என்று முடிவாகியிருந்தது. முடிவெடுத்தவன் தம்பி. ஒரே மாதத்தில் அப்பா கேட்டில் இரண்டு தடவை இடித்துவிட்டார். “கேட்டை ஆர் இவ்வளவு கிட்டக் கொண்டுவந்து வச்சது?” என்று சத்தம் போட்டார். வைத்தவர் அவர்தான், நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில். பிறகு எங்கள் ஒழுங்கையில் நின்ற ஒரு த்ரீவீலின் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுத் தட்டியதே தெரியாமல் வந்து இறங்கினார். த்ரீவீல்காரர் நல்லவர், வீட்டுக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் அதைத் தம்பியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது போல.

“அக்கா, அப்பாட்டச் சாவியை வாங்குங்கோ. கேட்டோட போனது கேட்டோட போச்சு. நாளைக்கு ஒரு பிள்ளையை அடிச்சுப்போட்டால் அவர் உயிரோட இருப்பாரோ?”

“சாவியை வாங்கினாலும் இருப்பாரோ தெரியாது” என்றேன்.

“அப்ப என்ன செய்யப்போறீங்கள்?”

நுவரெலியாவில் வைத்துக் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். குளிரில் மனிதர்கள் கொஞ்சம் இளகுவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ.

போயா அன்று விடியமுன் வெளிக்கிட்டோம். பேலியகொடைப் பக்கத்தால் போனால் மீன் லொறிகளுக்குள் மாட்டுவோம், கொலன்னாவைப் பக்கத்தால் வெளியேறி அவிசாவளை வீதியைப் பிடித்தால் சுகமாகப் போகலாம் என்பது அப்பாவின் நெடுநாள் தத்துவம். அதே தத்துவம் உள்ள அப்பாமார் எல்லோரும் அதே நேரத்தில் அதே வீதியில் வந்து நின்றார்கள். பின்கண்ணாடியில் தலையணையும் கிரிக்கெட் மட்டையும் தெரிகிற வான்கள், கூரையில் கேஸ் அடுப்பைக் கட்டிய ஜீப்புகள், பாட்டுப் போட்டபடி ஒரு பெரிய பஸ். அவிசாவளைக்கு முன்பே எல்லாம் நின்றுவிட்டது.

நான் பின்சீட்டில் இருந்தேன். வெளிக்கிடும்போது என் கை பழக்கத்தில் பின்கதவைத்தான் திறந்தது. முன்சீட்டில் பாண் பார்சலும் மாசிச் சம்பல் போத்தலும் பிளேன்டீ பிளாஸ்கும் இருந்தன. இரண்டு பேர் போகிற காரில் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருப்பதைப் பார்த்து, வாடகைக் கார் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

கார் அமைதியாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த மனிதனுக்கு நிம்மதியாகக் கார் ஓடக் கிடைத்திருக்கிறது, நானாவது வாயை மூடிக்கொண்டு இருப்போம் என்று நினைத்தேன். அதை அவருக்குச் செய்கிற உபகாரமாக நினைத்தேன். அப்பாவும் நெரிசலில் வழக்கம்போல எரிந்து விழவில்லை. முன்னால் போகிற வானின் பின்லைட்டைப் பிடித்துக்கொண்டு, அது நின்றால் நின்று, அது நகர்ந்தால் நகர்ந்து, பொறுமையாகப் போனார். வீதி கொஞ்சம் விட்ட இடங்களில்தான் அவருடைய தோள் இறுகியது. வீதி விட்டால் சந்தோஷப்பட வேண்டிய மனிதர் ஏன் இறுகுகிறார் என்று நான் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் நான் ஒன்றையும் யோசிக்கவில்லை.

பிள்ளையார் கோயிலடியில் அப்பா காரை ஓரங்கட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கத்து இடதுகதவைத் திறந்து இறங்க ஆள் இல்லை. நானும் இறங்கவில்லை. உண்டியலுக்கு முன்னால் இன்னொரு குடும்பம் நின்று கும்பிட்டது. அவர்கள் போனார்கள். அப்பா கியரைப் போட்டுக் காரை எடுத்தார்.

தலவாக்கலை தாண்டிய பிறகு, மழைக்கு வீதியின் ஒரு பக்கம் சரிந்துபோய் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய இடம் ஒன்று வந்தது. தார்ப் பீப்பாய்களை வரிசையாக வைத்துச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேலேயிருந்து இறங்கி வந்த ஜீப்காரர் எங்களைக் கண்டு அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி, கையை வெளியே போட்டு வரச் சொல்லி அசைத்தார். அப்பா நன்றிக்கு ஒரு விரலை உயர்த்தியபடி ஏறினார்.

“ஏறுற வண்டிக்குத்தான் வழி,” என்றார். “ஏத்தத்தில நிப்பாட்டித் திரும்ப எடுக்கிறது லேசில்லை. இறங்கிறவன் நிண்டுதான் குடுக்கோணும். இது தெரியாதவன் மலைக்கு வரக்கூடாது.”

அன்று முழுவதும் அவர் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

நுவரெலியாவில் வழக்கமாகத் தங்குகிற விடுதியில், வழக்கமான அறைக்குப் பக்கத்து அறை கிடைத்தது. சனிக்கிழமை வாவியைச் சுற்றிப் பார்க்கலாம் என்று போய், வாவியைச் சுற்றி நின்ற வான்களின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்று பின்னேரம் தம்பி வீடியோ கோல் எடுத்தான். அங்கே காலை. திரை முழுவதும் வெள்ளையாக இருந்தது. அவனும் காரில்தான் இருந்தான். அவனுடைய மனைவி காரை ஓட, பின்னால் பிள்ளைகள் தொப்பியும் கையுறையும் போட்டுப் பொதிமூட்டைகளாக இருந்தார்கள்.

“பனியில சறுக்க மலைக்குப் போறம் அப்பா. வெள்ளன வெளிக்கிட்டும் சரியான ட்ராபிக். ஒரே இடத்திலதான் நிக்கிறம். பாருங்கோ.” தொலைபேசியைத் திருப்பிக் காட்டினான். கூரைகளில் நீளநீளப் பலகைகளைக் கட்டிய கார்கள் பனிக்கு நடுவே வரிசையாக நின்றன.

அம்மா போன பிறகு அன்றுதான் அப்பா வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். “அங்கயும் இதே கூத்தோ? வேற றோட்டு ஒண்டும் இல்லையோ? விடிய முன்னம் வெளிக்கிட்டிருக்கோணும் மகன்.”

“எல்லாரும் அப்பிடித்தான் அப்பா வெளிக்கிடுகினம்.”

பிறகு அக்காவிடம் கொடுங்கோ என்றான். நான் தொலைபேசியோடு விறாந்தைக்கு வந்தேன்.

“கேட்டீங்களோ?”

“இல்லை.”

“அக்கா.”

“நாளைக்கு வெளிக்கிட முன்னம் கேக்கிறன்.”

“நீங்கள் கேக்காட்டி நான் கேப்பன். இங்க இருந்துகொண்டு ஃபோனில கேட்டால் அவருக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ.”

அவன் சொன்னது நியாயம். அப்பா இருந்த அறையின் கண்ணாடி யன்னல் திறந்திருந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை அப்பா சவரம் செய்து, தலை சீவி, காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். திரும்பவும் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு இல்லை.

“அப்பா, இண்டைக்கு நான் ஓடட்டோ?”

“மலையிலயோ? நீயோ?”

“என்னட்டயும் லைசன்ஸ் இருக்கு.”

“வெள்ளவத்தைக்குப் போய் மீன் வாங்கிற லைசன்ஸ்” என்றார். பிறகு துணியை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “கார் இல்லாட்டி நான் என்ன, வீட்டுக்குள்ள கிடக்கிற கதிரையோ?” என்றார்.

நான் போய்ப் பின்சீட்டில் ஏறினேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும், பயமாகவாவது இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இருக்கவில்லை.

நானுஓயா தாண்டும்போதே மூடுபனியாகப் புகார் இறங்கிவிட்டது. ஏறிய சனம் முழுவதும் ஒன்றாக இறங்கியது. ஊர்ந்து ஊர்ந்து அந்தச் சரிந்த இடத்துக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் போன வான் பீப்பாய்களைத் தாண்டி வளைவில் மறைந்துவிட்டது. எங்கள் முறை. பாதை வெறுமையாக இருந்தது.

அப்பா நிறுத்தினார்.

ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். கையை வெளியே போட்டு, வா வா என்று அசைத்தார். நிதானமாக, மரியாதையாக, வெள்ளிக்கிழமை அந்த ஜீப்காரர் செய்தது போலவே செய்தார். நான் எட்டிப் பார்த்தேன். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. வளைவில் தெரியாமல் ஏதாவது வருகிறதோ என்று காத்தேன். எங்களுக்குப் பின்னால் ஹோர்ன் தொடங்கியது. ஒரு பஸ் நீளமாக அடித்தது. “யன்ன மஹத்தயா, யன்ன!” என்று கொண்டக்டர் சிங்களத்தில் போகச் சொல்லிக் கத்தினார். அப்பா அசையவில்லை.

“ஏறுற வண்டிக்குத்தான் வழி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு தடவை கையை அசைத்தார்.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பழைய ஜேர்சி, தலையில் துவாய், இரண்டு கையிலும் இலையோடு கட்டிய கரட். அப்பாவின் யன்னலடியில் மூச்சு வாங்க நின்றாள்.

“கூப்புட்டீங்களா ஐயா? கரட்டுங்களா, லீக்ஸுங்களா? காலையில புடுங்குனது.”

அப்பாவின் கை வெளியிலேயே நின்றது. அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிப் புகாருக்குள் பார்த்தார்.

“அங்க வெள்ளை வான் ஒண்டு நிக்குதெல்லோ?”

அவள் திரும்பிப் பார்த்தாள். “வானுங்களா? அது நம்ம கடைங்க ஐயா. பனிக்கு பொலித்தீன் கட்டியிருக்கு.”

வளைவுக்கு இந்தப் பக்கத்தில், வீதியோரத்தில், நாலு தடியில் வெள்ளைப் பொலித்தீன் போர்த்திய ஒரு மரக்கறிக் கடை நின்றது. வெள்ளிக்கிழமை ஏறும்போது நான் அதைப் பார்த்திருந்தேன். கண் உள்ள எவரும் அதை வான் என்று நினைக்க முடியாது.

அப்பா கையை உள்ளே எடுத்தார். “ஓம், ஓம். கூப்பிட்டனான்தான்,” என்றார். “ரெண்டு கட்டுத் தாங்கோ.”

அவள் கரட்டை அவர் மடியில் வைத்தாள். நான் பின்யன்னலால் காசு கொடுத்தேன். எங்களுக்குப் பின்னால் மலைமுழுக்க ஹோர்ன். வாழ்நாள் முழுவதும் நெரிசலுக்குக் காரணமானவர்களைத் தேடித் தேடித் திட்டிய மனிதர் அன்று அந்த நெரிசலின் முதல் ஆளாக நின்றார். கரட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“உங்கட அம்மா சொல்லிக்கொண்டு வருவா,” என்றார். “இந்த முறை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.”

என்னைக் குறை சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். கரட்டை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் போனெட்டைத் தடவித் தடவி, காரின் முன்பக்கத்தால் சுற்றி வந்தார். கொண்டக்டர் கத்துவதை நிறுத்திவிட்டார். அப்பா முன்சீட்டில் இருந்த பிளாஸ்கைத் தூக்கிக் காலடியில் வைத்துவிட்டு, அம்மாவின் சீட்டில் இருந்தார். சீட்டைப் பின்னுக்குத் தள்ளவில்லை. அம்மா உயரத்தில் கட்டை, அப்பாவின் முழங்கால் முன்னால் முட்டியது.

“சாவி அதிலதான் கிடக்கு,” என்றார். “உன்னட்டத் தந்தாச்செண்டு தம்பிக்குச் சொல்லு.”

நான் இறங்கி முன்னால் போய் இருந்தேன். அந்த ஸ்டியரிங் அவருடைய கையின் சூட்டோடு இருந்தது. பீப்பாய்களைத் தாண்டும்போது ஒன்றோடு லேசாக உரசினேன். அந்தப் பெண் கடையடியில் நின்று எங்களுக்குக் கையசைத்தாள்.

தலவாக்கலை வரும்வரைக்கும் நான் அம்மாவை நினைத்துக்கொண்டே ஓடினேன். பஸ், சைக்கிள்காரன், வளைவு, நாய். நாங்கள் ரேடியோ என்று சிரித்த அது வெறும் வாய் அல்ல. அது அப்பாவின் கண். அவருக்கு எப்போதிருந்து தெரியாமல் போனது, அம்மா அதை எப்போது கண்டுபிடித்தார், இரண்டு பேரும் அதைப்பற்றி எங்களுக்குத் தெரியாமல் எப்போதாவது கதைத்தார்களா, ஒன்றும் தெரியாது. கதைத்திருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அம்மா சொல்லியிருக்கிறார், அப்பா எரிந்து விழுந்திருக்கிறார், அப்படியே ஒவ்வொரு தடவையும் மலை ஏறி இறங்கியிருக்கிறார்கள். எங்களை எல்லாம் பின்சீட்டில் வைத்துக்கொண்டு.

அப்பா என் பக்கத்தில் கரட்டை மடியில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டு வந்தார். சேர்ட் கொலர் வரை சவரம் செய்த முகம். அவருக்கு இனி எழும்ப என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முன்கண்ணாடியில் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. வெள்ளையாக இருந்திருக்கும்.

ஹட்டன் தாண்டி ஒரு வளைவில், கீழேயிருந்து ஒரு பஸ் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. நான் ஓரங்கட்டி நிறுத்தினேன். யோசிக்காமல் என் வாய் திறந்தது.

“பஸ் ஒண்டு வருது அப்பா. சிவப்புப் பஸ். நான் நிண்டு விடுறன்.”

அப்பா கரட்டின் இலையைத் தடவிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல், எரிச்சலோடு, பழைய குரலில் சொன்னார்.

“தெரியுது, தெரியுது.”

பஸ் எங்களைத் தாண்டி ஏறியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, நாலு மாதமாக வராத அழுகை. முகத்தைத் துடைக்கவும் நேரம் இருக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். கியரைப் போட்டு, அழுதுகொண்டே, அடுத்து வந்த சைக்கிள்காரனையும் அப்பாவுக்குச் சொன்னேன்.